டெலோமரேஸ் இல்லாத ஈஸ்ட்: நீலகிரி ஆய்வகங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஈஸ்டின் ஒருமடியச் செல்லில் (ஒவ்வொரு குரோமோசோமும் ஒரே பிரதியாக உள்ள செல்லில்) 16 குரோமோசோம்களும் அவற்றுக்கு 32 முனைகளும் உள்ளன. ஒவ்வொரு முனையிலும், டிஎன்ஏ எழுத்துகளில் ஒரு டி-யைத் தொடர்ந்து ஒன்று முதல் மூன்று ஜி வரும் துண்டு (டிஜி தொடர்) திரும்பத் திரும்ப அமைந்து, ஏறத்தாழ 300 கார இணைகள் நீளத்துக்கு நீள்கிறது. டெலோமியர் எனப்படும், செல் பிரியும்போதெல்லாம் தேயும் இப்பகுதியை டெலோமரேஸ் நொதி நீட்டிக்கொடுக்கிறது. அந்நொதியின் ஆர்என்ஏ-வைத் தரும் டிஎல்சி1 மரபணுவையோ, வினையூக்கிப் புரதத்தைத் தரும் எஸ்ட்2 மரபணுவையோ நீக்கிவிட்டால், முனை தலைமுறைக்கு 3 முதல் 5 கார இணைகள் வீதம் குறுகி, 50 முதல் 100 தலைமுறைகளுக்குள் பெரும்பாலான செல்கள் பிரிவதை நிறுத்திவிடுகின்றன; இதுவே முதுமை. மிகச் சில செல்கள் மட்டும், ஒரு முனையின் தொடரைப் பார்த்து மற்றொரு முனையை நகலெடுக்கும் மறுசேர்க்கையின் துணையால் தப்பிப் பிழைக்கின்றன. விக்கி லுண்ட்பிளாடும் ஜாக் ஸோஸ்டாக்கும் 1989-இல் எஸ்ட்1 மரபணுவைக் கண்டறிந்தனர். லுண்ட்பிளாடும் எலிசபெத் பிளாக்பர்னும் 1993-இல் இப்படிப் பிழைத்த செல்களை விவரித்தனர். மனிதப் புற்றுநோய்களில் 10 முதல் 15 விழுக்காடு டெலோமரேஸின்றி இதே போன்ற வழியில் முனைகளைக் காத்துக்கொள்வதால், இந்தச் சோதனை இன்றும் முதுநிலை மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களில் விருப்பமான ஒன்றாக இருக்கிறது.

நீலகிரியில் இதைச் செய்பவர்கள் கையில் வைத்திருக்கும் செய்முறைக் குறிப்புகள் யாவும் கடல்மட்டத்தை ஒட்டிய, அறை வெப்பம் 25 பாகைக்குக் குறையாத ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் அவை அப்படியே செல்லுபடியாவதில்லை. எனவே கீழே ஒவ்வோர் அறிகுறியின்கீழும், ஈஸ்டின் உயிரியலால் வரும் காரணத்தையும் மலையால் வரும் காரணத்தையும் பிரித்துக் காட்டியிருக்கிறேன். எந்த அறிகுறியைப் பார்ப்பதற்கு முன்னும் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும்: உங்கள் குறிப்பேட்டில் இருப்பது நாள் கணக்கா, தலைமுறைக் கணக்கா? "ஐந்தாம் நாளில் முதுமை கண்டது" என்று எழுதப்பட்ட குறிப்பேட்டை வைத்துக்கொண்டு எந்தப் பிழையையும் நீக்க முடியாது.

அறிகுறி: எல்லாக் கல்ச்சர்களும் ஒன்றாக மந்தமாகின்றன

ஒய்பிடி ஊடகத்தில் 30 பாகையில் நலமான ஈஸ்ட் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கும். மில்லிலிட்டருக்கு 1 லட்சம் செல்களுடன் தொடங்கி மறுநாள் 10 கோடியை எட்டினால் அது ஆயிரம் மடங்கு, அதாவது ஏறத்தாழ 10 தலைமுறை. அதே கால அளவில் 10 லட்சத்தோடு நின்றுவிட்டால் 3 தலைமுறையைச் சற்றே தாண்டியிருக்கிறது என்று பொருள். முதுமையடையும் கல்ச்சரில் நாம் எதிர்பார்ப்பதும் இதே சரிவுதான் என்பதால், இரவில் மின்சாரம் போய் இன்குபேட்டர் குளிர்ந்ததை முதுமை என்று எழுதிவிடுவது மிக எளிது. மார்கழி, தை மாதங்களில் அறைக்குள்ளேயே வெப்பம் 15 பாகைக்குக் கீழே இறங்கும் கட்டடங்களில் சில மணிநேர மின்தடை போதும்.

இதைப் பிரித்தறியும் ஒரே வழி, இயல்வகைச் (மரபணு நீக்கப்படாத) சிதல் (ஸ்போர்) ஒன்றையும் மரபணு நீக்கப்பட்ட சிதல் ஒன்றையும் ஒரே டெட்ராடிலிருந்து (ஓர் இருமடியச் செல் தரும் நான்கு சிதல்களின் தொகுப்பிலிருந்து) எடுத்து, ஒரே தட்டின் இரு பாதிகளிலோ ஒரே ஷேக்கரின் அடுத்தடுத்த குடுவைகளிலோ வளர்ப்பதுதான். இரண்டும் சேர்ந்து சரிந்தால் குற்றம் இன்குபேட்டருடையது. ஒன்று மட்டும் சரிந்தால்தான் டெலோமியரைப் பற்றிப் பேசலாம். அளவு எடுக்கும்போது ஒளியடர்த்தியை மட்டும் நம்பாமல் ஹீமோசைட்டோமீட்டரில் செல்களை எண்ண வேண்டும். முதுமையடைந்த செல்கள் இயல்பைவிடப் பெரிதாக வீங்கியிருப்பதால், ஒளியடர்த்தி காட்டும் எண்ணிக்கை உண்மையைவிடக் கூடுதலாக இருக்கும். எண்ணும் அதே நேரத்தில் செல்களின் உருவத்தையும் பார்த்துக்கொள்ளலாம். தாயும் மொட்டும் ஏறத்தாழ ஒரே அளவில் வீங்கி, பிரியாமல் ஒட்டி, டம்பெல் போல நிற்கும் செல்கள் பார்வைப் புலத்தில் நிறைந்திருந்தால், அவை சேதமுற்ற முனையை உணர்ந்து பிரிவைத் தடுத்து நிறுத்திய செல்கள். குளிரால் மந்தமான கல்ச்சரில் இவ்வளவு வீங்கிய இரட்டைகள் குவிவதில்லை; மொட்டில்லாதவை, சிறு மொட்டுள்ளவை, பெரிய மொட்டுள்ளவை எல்லாம் கலந்தே இருக்கும்.

ஒரு காலனியை எடுத்துப் புதிய தட்டில் இழுத்து வளர்க்கும் ஸ்ட்ரீக் முறையில் தட்டில் வளர்ப்பவர்களும் கணக்கிட்டாக வேண்டும். ஒரே செல்லிலிருந்து எழுந்த காலனியில் 3 கோடி செல்கள் இருந்தால் 25 தலைமுறை. 10 லட்சம் இருந்தால் 20 தலைமுறை. குளிரில் சிறுத்த காலனியை "ஒரு ஸ்ட்ரீக், 25 தலைமுறை" என்று கண்ணை மூடிக்கொண்டு கூட்டிக்கொண்டே போனால், நான்காம் ஸ்ட்ரீக்கில் 20 தலைமுறைப் பிழை சேர்ந்திருக்கும். மாதிரிக்கு ஒரு காலனியைத் தண்ணீரில் கரைத்து எண்ணிப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

அறிகுறி: டெட்ராட்கள் பிரியவில்லை, அல்லது சிதல்களே உருவாகவில்லை

சோதனையை டிஎல்சி1-இன் ஒரு பிரதி மட்டும் நீக்கப்பட்ட இருமடியச் செல்லிலிருந்து தொடங்கி, அதைப் பொட்டாசியம் அசிடேட் ஊடகத்தில் பட்டினியிட்டுச் சிதல்களாக்குவது வழக்கம். இங்கே அறை வெப்பத்தில் வைத்துவிட்டு மூன்று நாளில் திறந்து பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். 25 பாகைக்கு அமைத்த பி.ஓ.டி. இன்குபேட்டரில் வைக்க வேண்டும். சிதற்பையின் சுவரைச் செரிக்கும் ஸைமோலயேஸ் நொதிக்கும் இதே விதிதான். மேசைமேல் வைத்தால் நான்கு சிதல்களும் ஒட்டியே கிடக்கும். 30 பாகை நீர்த்தொட்டியில் வைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை நுண்ணோக்கியில் பார்த்து நிறுத்த வேண்டும். பருவமழைக் காலத்தில் ஊற்றிய தட்டுகள் எளிதில் உலர்வதில்லை என்பதால், ஈரப்படலத்தில் சிதல்கள் ஊசியிலிருந்து நழுவி மிதந்துபோகும். தட்டுகளை இரண்டு நாள் முன்பே ஊற்றி, லாமினார் ஃப்ளோவில் மூடியைச் சற்றுத் திறந்து உலர்த்தி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பேக்கரிகளில் வர்க்கிக்கும் ரொட்டிக்கும் வாங்கும் ஈஸ்டைக் கொண்டு இதைச் செய்யலாமா என்று ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள். வணிக ஈஸ்ட் வகைகள் பெரும்பாலும் பன்மடியமானவை. சரியாகச் சிதல் விடுவதில்லை. அவற்றில் ஒரு மரபணுவின் எல்லாப் பிரதிகளையும் நீக்குவதும் கடினம். ஆய்வக வகையையே வரவழைத்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: டிஎல்சி1 நீக்கிய செல் முதுமையடையவே இல்லை

பத்து ஸ்ட்ரீக் ஆகியும் காலனிகள் கொழுத்து வளர்கின்றன என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது நீங்கள் வளர்ப்பது ஒருமடியச் செல்தானா என்பதை. சிதல் விடாமல் எஞ்சிய இருமடியத் தாய்ச் செல்லிலும் டிஎல்சி1-க்குப் பதிலாக நுழைத்த, ஜி418 மருந்தைத் தாங்கவைக்கும் எதிர்ப்பு மரபணு ஒரு பிரதி இருக்கும். எனவே அது ஜி418 தட்டில் தாராளமாக வளரும். மற்றொரு டிஎல்சி1 பிரதி நலமாக இருப்பதால் ஒருநாளும் முதுமையடையாது. எதிர்ப்புத் தட்டில் வளர்ந்ததையே சான்றாகக் கொண்டவர்கள் இந்தக் குழியில் விழுவார்கள். இரு பால்வகைச் சோதனை ஈஸ்ட்களோடும் கலந்து, எதனோடு இணைகிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். இரண்டோடும் இணையவில்லையென்றால் பெரும்பாலும் அது இருமடியம். பிசிஆரில் டிஎல்சி1-இன் இயல்பான பட்டை தெரிகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது வாய்ப்பு, டிஎல்சி1-ஐ பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள சிறு வட்ட டிஎன்ஏ-வில்) வைத்துக் காத்துவந்த வகையைப் பயன்படுத்துபவர்களுக்கு உரியது. யுரா3 அடையாளமுள்ள பிளாஸ்மிடை, யுரா3 உள்ள செல்லைக் கொல்லும் 5-எஃப்ஓஏ தட்டில் நீக்கிய பிறகு, யுராசில் இல்லாத தட்டில் அந்தக் காலனி வளரவில்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். வளர்ந்தால் பிளாஸ்மிட் இன்னும் உள்ளே இருக்கிறது.

மூன்றாவது, உறைநிலைப் பெட்டியிலிருந்து எடுத்த "டிஎல்சி1 நீக்கிய" ஒருமடிய ஈஸ்ட். யாரோ எப்போதோ சேமித்த அத்தகைய குப்பியில் இருப்பது முதுமையைத் தாண்டிப் பிழைத்த செல்லாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இப்படிப்பட்ட குப்பியிலிருந்து முதுமைச் சோதனையைத் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு முறையும் இருமடியத்தைச் சிதலாக்கித்தான் தொடங்க வேண்டும். நேரம் ஆகிறது என்பது காரணமாகாது.

இம்மூன்றும் இல்லையென்றால், முதுமை வந்து போனதை நீங்கள் கவனிக்கத் தவறியிருக்கலாம். திரவத்தில் அன்றாடம் நிறையச் செல்களை மாற்றினால், பிழைத்த செல்கள் விரைவில் பெருகிச் சரிவை மறைத்துவிடும். மில்லிலிட்டருக்கு 1 லட்சம் செல்கள் என்ற அளவைக் கூட்டாமல், நாள்தோறும் எண்ணி வரைபடம் போட்டால் பள்ளம் தெரியும்.

அறிகுறி: முதல் ஸ்ட்ரீக்கிலேயே காலனிகள் சிறுத்துவிட்டன

25 தலைமுறையில் டெலோமியர் இவ்வளவு தேய்வதில்லை. எனவே வேறு ஏதோ நடந்திருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ-வை இழந்த பெட்டீட் செல்களே பெரும்பாலும் காரணம். இவை குளுக்கோஸில் சிறு காலனியாக வளரும். கிளிசரால் மட்டுமே உணவாக உள்ள தட்டில் வளரவே வளராது. டபிள்யூ303 வகையைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் எளிதான வழி உண்டு. அந்த வகையில் அடி2 மரபணு பழுதுபட்டிருப்பதால், அடினின் குறைவாக உள்ள தட்டில் காலனிகள் சில நாட்களில் மாதுளம் பூ நிறத்துக்கு வரும். அந்தச் சிவப்பு நிறமி சேர்வதற்கு மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசம் தேவை என்பதால், பெட்டீட் காலனிகள் சிவக்காமல் வெள்ளையாகவே நிற்கும். சிவப்புக் காலனிகளுக்கிடையே சிறிய வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிபவற்றை முதுமைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முதுமையடையும் காலனிகள் சிறியனவாகவும் ஓரம் சீரற்றும் இருந்தாலும், வளர்வதற்கு நேரம் கொடுத்தால் அவையும் சிவக்கும்.

டபிள்யூ303-இன் பழைய வகைகளில் ராட்5 மரபணுவிலும் ஒரு பழுது உண்டு. டிஎன்ஏ சேதத்தைக் கையாளும் திறனைப் பாதிக்கும் அந்தப் பழுது திருத்தப்பட்ட வகையா என்பதை ஆய்வைத் தொடங்குமுன் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

பெட்டீட் அல்ல என்று தெரிந்த பின்னும் முதுமை விரைவாக வந்தால், தாய்ச் செல்லின் முனைகளைப் பார்க்க வேண்டும். டிஎல்சி1-இன் ஒரே பிரதியோடு நெடுங்காலம் வளர்ந்த இருமடியத்தின் டெலோமியர்கள் இயல்பைவிடச் சற்றுக் குட்டையாகவே இருக்கும். அந்தக் குறையோடு தொடங்கும் சிதல் முன்னதாகவே களைத்துவிடும். அதே இருமடியத்தை மாதக்கணக்கில் தட்டில் மாற்றி மாற்றிக் காப்பாற்றுவதற்குப் பதிலாக, தொடக்கத்திலேயே உறைய வைத்த குப்பியிலிருந்து ஒவ்வொரு முறையும் எடுப்பதே முறை. டிஎல்சி1-உடன், மறுசேர்க்கைக்கு வேண்டிய ராட்51 அல்லது ராட்52 மரபணுவும் சேர்த்து நீக்கப்பட்டிருந்தாலும் முதுமை விரைந்துதான் வரும். அது பிழையன்று, எதிர்பார்க்க வேண்டிய முடிவு.

அறிகுறி: எல்லாம் இறந்துவிட்டன, ஒன்றும் பிழைக்கவில்லை

ராட்52 இருக்கும் செல்களில் இப்படி நடந்தால், பெரும்பாலும் நாமே அவற்றைக் கொன்றிருக்கிறோம். பிழைத்த செல்கள் மிக அரிதாகவே தோன்றுகின்றன. முதுமையின் உச்சத்தில் தட்டிலிருந்து ஒரே ஒரு சிறு காலனியை எடுத்து அடுத்த தட்டில் இழுத்தால், அந்தக் காலனிக்குள் பிழைத்த செல் ஒன்றுகூட இல்லாமல் போக வாய்ப்பு அதிகம். அந்தக் கட்டத்தில் மட்டும் குச்சியால் திட்டுத்திட்டாகப் பல காலனிகளைச் சேர்த்து எடுக்க வேண்டும். திரவத்தில் செய்பவர்கள், எண்ணிக்கை 10 லட்சத்துக்குக் கீழே போன நாளில், வழக்கமான அளவுக்கு நீர்த்துக் குறைக்காமல், குடுவை முழுவதையும் புதிய ஊடகத்துக்கு மாற்றி இன்னும் ஒரு நாள் பொறுக்க வேண்டும். "மேடம், செத்துவிட்டது" என்று மாணவர்கள் கழுவ எடுத்துச்செல்லும் குடுவைகளில் பாதியாவது இன்னொரு நாள் ஷேக்கரில் இருந்திருந்தால் கலங்கியிருக்கும்.

அறிகுறி: ராட்52-உம் நீக்கிய பின்னும் செல்கள் பிழைக்கின்றன

பிழைத்த செல்கள் பின்பற்றும், கீழே விளக்கப்படும் மறுசேர்க்கை வழிகள் இரண்டுக்குமே ராட்52 தேவை. எனவே டிஎல்சி1, ராட்52 இரண்டையும் நீக்கிய செல்கள் பிழைத்தால், ஆய்வேட்டில் எழுதுவதற்கு முன் அவை உண்மையில் அவைதானா என்று பார்க்க வேண்டும். டிஎன்ஏ-வைச் சேதப்படுத்தும், எம்எம்எஸ் எனப்படும் மீதைல் மீதேன்சல்ஃபோனேட் சேர்த்த தட்டில் ராட்52 இல்லாத செல் வளராது. வளர்ந்தால் மரபணு அமைப்பு தவறு, அல்லது வேறு நுண்ணுயிர் நுழைந்திருக்கிறது.

இரண்டாவதற்கு இந்த மலையில் ஒரு தனிக் காரணம் இருக்கிறது. உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. ஆட்டோகிளேவின் அழுத்தமானி வெளிக்காற்றுக்கும் உள்ளழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் காட்டுகிறது. சமவெளியில் 15 பவுண்டு என்றால் உள்ளே 121 பாகை; இங்கே அதே 15 பவுண்டில் உள்ளே இருப்பது ஏறத்தாழ 117 பாகை மட்டுமே. வெப்பம் தாங்கும் பாக்டீரியச் சிதல்களுக்கு இந்த நான்கு பாகை பெரிய வரம். அழுத்தத்தை 18 அல்லது 19 பவுண்டுக்கு உயர்த்தலாம் என்றாலும், கருவியின் பாதுகாப்பு வால்வு அதற்கு அனுமதிக்கப்பட்டதா என்று பாராமல் அதைச் செய்யக் கூடாது. அனுமதி இல்லையென்றால் நேரத்தைக் கூட்டுவதுதான் வழி. உள்ளே வைத்த அதிகபட்ச வெப்பமானியும் கிருமிநீக்கச் சோதனைப் பட்டையும் சொல்வதையே நம்ப வேண்டும். குன்னூரில் உயரம் குறைவு என்பதால் வேறுபாடும் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

மரபணுவும் சரி, கலப்படமும் இல்லை என்ற பின்னும் செல் பிழைத்தால்தான் சுவையான கட்டம். டிஎன்ஏ-வின் முனையை அரிக்கும் எக்ஸோ1 நொதியின் மரபணுவும் இல்லாத செல்களில், டெலோமரேஸும் ராட்52-வழி மறுசேர்க்கையும் இன்றி, குரோமோசோமின் முனைகள் பெரும் கண்ணாடிப் பிம்பத் தொடர்களாக மாறிப் பிழைப்பதை லாரா மாரிங்கெலேயும் டேவிட் லைடாலும் 2004-இல் காட்டினார்கள். உங்கள் வகையில் எக்ஸோ1 நலமாக இருந்தால் இந்த விளக்கத்தை நாடுவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

அறிகுறி: சதர்ன் பிளாட்டில் ஒன்றும் விளங்கவில்லை

டிஎன்ஏ-வை வெட்டி, ஜெல்லில் நீளவாரியாகப் பிரித்து, குறியிட்ட டிஎன்ஏ துண்டான புரோப் கொண்டு வேண்டிய தொடரைக் காணும் சதர்ன் பிளாட்டில்தான் பெரும்பாலான நேரம் கரைகிறது. முதலில் படம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஈஸ்டின் பல முனைகளில், டிஜி தொடருக்கு உள்பக்கமாக ஒய்-பிரைம் எனும் பகுதி இருக்கிறது. இதில் 6.7 கிலோகார நீளமுள்ள நெடியதும் 5.2 கிலோகார நீளமுள்ள குறியதும் உண்டு. எக்ஸ்ஹோ-1 எனும் வெட்டு நொதி ஒய்-பிரைமுக்குள் ஓரிடத்தில் வெட்டுவதால், இயல்வகைச் செல்லில் டிஜி புரோப் கொண்டு பார்த்தால் 1.2 முதல் 1.3 கிலோகார அளவில் ஓர் அகன்ற மங்கல் பட்டை தெரியும். முனைகள் ஒன்றுபோல் ஒரே நீளத்தில் இல்லாததால்தான் அது கோடாக இல்லாமல் புகைபோலப் பரந்து நிற்கிறது. ஒய்-பிரைம் இல்லாத முனைகள் அதற்கு மேலே தனித்தனிப் பட்டைகளாக வரும். தலைமுறை கூடக்கூட அந்த அகன்ற பட்டை கீழே இறங்கும்.

பிழைத்தவற்றில் முதல் வகை, ஒய்-பிரைமை அடுக்கடுக்காகப் பெருக்கிக்கொண்டது. முனையில் டிஜி மிகக் குறைவாகவே இருக்கும். இவ்வகையில் 5.2, 6.7 கிலோகார இடங்களில் இரு பட்டைகள் கறுத்து எழும். கீழே குட்டையான முனைப்பட்டை இருக்கும். இரண்டாம் வகை, ஒய்-பிரைமைத் தொடாமல் டிஜி தொடரையே நீட்டிக்கொண்டது. முனைக்கு முனை நீளம் வேறுபடுவதால் பல அளவுகளில் சிதறிய பட்டைகளாகத் தோன்றும். இந்த இரண்டாம் வகையைத் திட்டமாகக் காட்ட வேண்டுமென்றால், நான்கெழுத்து இலக்குடைய வெட்டு நொதிகள் பலவற்றைச் சேர்த்து டிஎன்ஏ முழுவதையும் பொடியாக்கிவிட வேண்டும். டிஜி தொடரில் அவற்றுக்கு வெட்டும் இடம் இல்லாததால், நீண்ட முனைகள் மட்டும் பெரிய துண்டுகளாக எஞ்சும்.

இப்போது பிழைகளுக்கு வருவோம். எல்லாத் தடங்களிலும், இயல்வகைத் தடத்தில்கூட, மேலே கனத்த பட்டைகள் இருந்தால் அது முதல் வகை அன்று; வெட்டு முழுமையடையவில்லை. புரோப் போடுவதற்கு முன்பே ஜெல்லை எத்திடியம் புரோமைடில் பார்த்தால், சரியாக வெட்டப்பட்ட டிஎன்ஏ சீரான புகைச்சலாகவும், ரைபோசோம் மரபணுக்களின் துண்டுகள் அதில் தெளிந்த கோடுகளாகவும் தெரியும். கிணற்றின் அடியிலேயே கொத்தாக ஒளிர்ந்தால் வெட்டவில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஜெல் பனிக்கட்டிப் பொதியில் ஏறிவரும் நொதி, வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் மலைப்பாதையில் மண்சரிந்து கோத்தகிரி வழியாகச் சுற்றிவர நேர்ந்தால், வீரியத்தை இழந்திருக்கலாம். வந்ததும் லாம்டா டிஎன்ஏ-வை வெட்டிச் சோதித்துவிட்டே அரிய மாதிரிகளில் போட வேண்டும்.

புரோப் சமிக்ஞை மங்கலாக வந்தால் கொதிநீரைச் சந்தேகிக்க வேண்டும். இரட்டை இழைப் புரோபைக் கொதிநீரில் பத்து நிமிடம் வைத்துப் பிரிக்கச் சொல்வது வழக்கம். ஆனால் உதகையில் நீர் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. இழைகள் முழுதும் பிரியாத புரோப் பாதி வேலைதான் செய்யும். பிசிஆர் கருவியின் உலோகக் கட்டையில் 98 பாகையில் வைத்துப் பிரித்து உடனே பனிக்கட்டியில் இறக்கினால் சிக்கல் தீரும். புரோப் கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்கச் சேர்க்கும் சால்மன் விந்து டிஎன்ஏ-வுக்கும் இதையே செய்ய வேண்டும். அகரோஸ் கரைப்பதிலும் இதே தொல்லை உண்டு: மைக்ரோவேவில் பொங்கிவழிந்த பின்னும் கண்ணாடித் துகள்போல மணிகள் மிதக்கும். அவற்றோடு ஊற்றிய ஜெல்லில் பட்டைகள் கோணலாக ஓடும். பொங்கும்போது நிறுத்தி, சுழற்றி, மீண்டும் சூடேற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து மணி இல்லையென்று கண்ட பிறகே ஊற்ற வேண்டும். புரோபுக்குக் குறியிடப் பயன்படும் கதிரியக்கப் பாஸ்பரஸ்-32-இன் அரைவாழ்வு 14 நாளைச் சற்றுத் தாண்டியது. மலையேற்றத் தாமதத்தோடு அதைக் கணக்கிட்டு வாங்குவதைவிட கதிரியக்கமற்ற டிகாக்ஸிஜெனின் குறியீட்டு முறையை வைத்துக்கொள்வது நல்லது.

அறிகுறி: தட்டில் ஒரு வகை, குடுவையில் வேறு வகை

இதைப் பிழை என்று கொண்டுவருபவர்களே அதிகம். உண்மையில் ஈஸ்ட் சரியாகத்தான் நடந்துகொள்கிறது. தட்டில் தோன்றுபவற்றில் பெரும்பாலானவை முதல் வகை. ஒவ்வொரு காலனியும் தனக்கான இடத்தில் தனியே வளர்வதால் மந்தமான முதல் வகையும் பிழைத்துக்கிடக்கிறது. குடுவையில் எல்லாம் ஒரே உணவுக்குப் போட்டியிடுகின்றன. முதல் வகை தோன்றினாலும், பின்னர் அரிதாகத் தோன்றும் இரண்டாம் வகை இயல்வகையை ஒட்டிய வேகத்தில் பெருகி, நீலகிரிப் புல்வெளிகளைச் சீகை மரங்கள் மூடியதுபோல், சில நாட்களில் மொத்தத்தையும் பிடித்துக்கொள்கிறது. எனவே முதல் வகையை ஆராய விரும்புபவர் தட்டிலும், இரண்டாம் வகையை விரும்புபவர் குடுவையிலும் வளர்க்க வேண்டும். இரண்டு முறைகளின் விகிதங்களை ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது.

மரபணுக்களால் இதைச் சரிபார்க்கலாம். முதல் வகைக்கு ராட்51, ராட்54, ராட்57 தேவை. இரண்டாம் வகைக்கு ராட்50, எம்ஆர்ஈ11, எக்ஸ்ஆர்எஸ்2 கூட்டணியும், ராட்59, எஸ்ஜிஎஸ்1 ஆகியவையும் தேவை. இரண்டுக்கும் ராட்52-உம், உடைந்த முனையிலிருந்து நெடுந்தொலைவு நகலெடுப்பதற்குரிய போல்32-உம் வேண்டும். அதனால் ராட்51 நீக்கிய வகையில் முதல் வகைப் படம் வந்தால் மரபணு அமைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ராட்50-உம் ராட்51-உம் சேர்ந்து நீங்கினால் பிழைப்பவை கிட்டத்தட்ட இல்லை. இரண்டின் சாயலும் கலந்த பட்டைகள் வந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம். முதலில் ஒற்றைக் காலனியாகப் பிரித்து மீண்டும் பார்க்க வேண்டும். பிரித்த பின்னும் கலவையாகவே இருந்தால், இரு வகைகளும் ஒரே பாதையின் கட்டங்களாக இருக்கலாம் என்றும், இரண்டின் தொடர்களும் கலந்த முனைகள் உண்டு என்றும் 2021-இல் அன்னா மால்கோவாவின் குழு வெளியிட்ட முடிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அறிகுறி: பிழைத்த செல் மீண்டும் நோய்ப்படுகிறது

முதல் வகையின் முனையில் டிஜி குட்டையாகவே இருப்பதால், அது திரும்பத் திரும்பத் தேய்ந்து, மந்தமாகி, மீண்டும் மறுசேர்க்கையால் எழுகிறது. இரண்டாம் வகையும் இதற்கு விலக்கன்று: நீட்டிய முனை, டெலோமரேஸ் இல்லாத மற்றச் செல்களைப் போலவே தலைமுறைதோறும் சிறிது சிறிதாகக் குறுகிக்கொண்டே வந்து, மிகக் குட்டையானதும் ஒரே தாவலில் மீண்டும் நீள்கிறது. இந்தத் தாவலுக்கு மற்றொரு நீண்ட முனையோ, செல்லுக்குள் மிதக்கும் டிஜி வட்ட டிஎன்ஏ-வோ நகலெடுக்கும் அச்சாகப் பயன்படுவதாகக் கருதப்படுகிறது. இவ்வட்டங்கள் இரண்டாம் வகைச் செல்களில் கண்டறியப்பட்டுள்ளன. ஆகவே "ஒரே வகையின்" பிளாட் இரு மாத இடைவெளியில் மாறியிருந்தால் மாதிரி மாறிவிட்டது என்று பதறத் தேவையில்லை. எத்தனையாவது தலைமுறையில் டிஎன்ஏ எடுத்தோம் என்பது குப்பியின்மேல் எழுதப்பட்டிருந்தால் போதும். மார்க்கர் மை -80 பாகையில் உரிந்துவிடும். பென்சிலால் எழுதிய தாள் துண்டை உள்மூடியில் வைப்பவர்களை நான் கேலி செய்வதில்லை.

அறிகுறி: டெலோமரேஸைத் திருப்பித் தந்தும் பிளாட் இயல்புக்கு வரவில்லை

பிழைத்த செல்லுக்கு டிஎல்சி1-ஐ பிளாஸ்மிடில் திரும்பக் கொடுப்பது, நாம் கண்டது டெலோமரேஸ் இழப்பின் விளைவுதான் என்பதை உறுதிசெய்யும் சோதனை. மறுநாளே பிளாட் எடுத்து ஏமாறுபவர்கள் உண்டு. இரண்டாம் வகையில் நீண்ட டிஜி முனைகள் வெட்டி எறியப்படுவதில்லை. தலைமுறைகள் பல கடந்து படிப்படியாகத் தேய்ந்தே இயல்பான நீளத்துக்கு வருகின்றன. முதல் வகையில் குட்டை முனைகள் மீண்டும் 300-ஐ ஒட்டி வளர்ந்துவிடும். பெருகிய ஒய்-பிரைம் அடுக்குகளோ அப்படியே நிற்கும். அதனால் 5.2, 6.7 கிலோகாரப் பட்டைகள் மறையவில்லையே என்று பிளாஸ்மிடைக் குறைசொல்லக் கூடாது; 1.2 கிலோகாரப் பகுதியில் அகன்ற முனைப்பட்டை மேலேறியிருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும். அதுவும் ஏறவில்லையென்றால், பிளாஸ்மிடின் அடையாளத் தட்டில் தொடர்ந்து வளர்த்தீர்களா, இடையில் ஒய்பிடிக்கு மாற்றி அதை இழக்கவிட்டீர்களா என்று குறிப்பேட்டைப் புரட்ட வேண்டும்.